கேமரா பாடியில் இறங்கியது 135 கிராம், பையில் இறங்கியது 2 கிலோ

தோள்வலி தாங்காமல் டி.எஸ்.எல்.ஆர். கேமராவை விட்டு, உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மாறினேன். முதலில் எடைக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். லென்ஸ் பெயரில் முதலில் வரும் எண்கள் மில்லிமீட்டரில் ஃபோக்கல் லெங்த், அது கூடினால் தொலைவில் உள்ளது கிட்டே தெரியும். எஃப் எண் சிறியதானால் லென்ஸின் திறப்பு, அதாவது அப்பர்ச்சர், பெரிது. என் பழைய பையில் இருந்தவை இவை: நிக்கான் டி750 பாடி, பேட்டரியும் கார்டும் சேர்த்து 840 கிராம். 24-70 எஃப்/2.8 லென்ஸ் 900 கிராம். 70-200 எஃப்/2.8 லென்ஸ் 1540 கிராம். 16-35 எஃப்/4 லென்ஸ் 680 கிராம். 50 எஃப்/1.8 லென்ஸ் 185 கிராம். மொத்தம் 4145 கிராம். ஃபிளாஷ், அதற்கான நான்கு பேட்டரிகள், தண்ணீர் பாட்டில், பையின் சொந்த எடை எதுவும் இதில் சேரவில்லை.

இப்போது தோளில் தொங்குவது வேறு: நிக்கான் இசட் 6 டூ பாடி 705 கிராம், 24-120 எஃப்/4 லென்ஸ் 630, 14-30 எஃப்/4 லென்ஸ் 485, 40 எஃப்/2 லென்ஸ் 170. மொத்தம் 1990 கிராம். ஆக, 2 கிலோவுக்கு மேலேயே இறங்கியிருக்கிறது. எலும்பு மருத்துவர் "இந்த மூட்டையைத் தூக்குவதை நிறுத்துங்கள், மாத்திரையையும் நிறுத்திவிடலாம்" என்று சொன்னது வீண் போகவில்லை.

ஆனால் அந்த 2155 கிராம் எங்கிருந்து இறங்கியது என்று பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். பாடியை மாற்றியதில் குறைந்தது வெறும் 135 கிராம். 16-35 போய் 14-30 வந்ததில் 195. ஐம்பது போய் நாற்பது வந்ததில் 15. மீதி 1810 கிராமும் ஒரே ஒரு முடிவில் இறங்கியது. இரண்டு எஃப்/2.8 ஜூம்களைக் கீழே வைத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரே ஒரு எஃப்/4 ஜூமை எடுத்துக்கொண்டதுதான் அந்த முடிவு. அதற்கும் மிரர்லெஸ்ஸுக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. டி750-லேயே பழைய 24-120 எஃப்/4 லென்ஸைப் போட்டிருந்தால் 840-உம் 710-உம் சேர்த்து 1550 கிராம். இப்போதைய பாடியும் 24-120-உம் சேர்த்து 1335. வித்தியாசம் 215 கிராம், ஒரு மொபைல் போன் எடை. மிரர்லெஸ் வாங்கினால் தோள்வலி தீரும் என்று யாராவது சொன்னால், எந்த லென்ஸோடு என்று திருப்பிக் கேளுங்கள்.

கண்ணாடியை எடுத்துவிட்டால் கேமரா தானாக இளைத்துவிடும் என்பது பாதி உண்மைதான். டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே கண்ணாடி மேலும் கீழும் ஆட இடம் வேண்டும். நிக்கானின் பழைய எஃப் மவுண்டில் (மவுண்ட் என்பது லென்ஸை மாட்டும் வாய்) அந்தத் தூரம் 46.5 மில்லிமீட்டர். கண்ணாடி இல்லாத இசட் மவுண்டில் அது 16 மில்லிமீட்டர். வைட் லென்ஸ்களுக்கு இது பெரிய வரம். முன்பெல்லாம் 16 மில்லிமீட்டர் லென்ஸ் செய்தாலும் அதன் பிம்பம் நாற்பத்தாறு மில்லிமீட்டர் தள்ளி விழும்படி லென்ஸுக்குள் கூடுதல் கண்ணாடிகளை அடுக்க வேண்டியிருந்தது. இப்போது அந்தக் கட்டாயம் தளர்ந்துவிட்டதால், 14-30 இன்னும் அகலமாகப் பார்த்தும் பழைய 16-35-ஐ விட இலேசாக இருக்கிறது.

தொலைவில் உள்ளதைக் கிட்டே காட்டும் டெலி லென்ஸ் கதை வேறு. 200 மில்லிமீட்டரை 2.8-ஆல் வகுத்தால் 71 மில்லிமீட்டர் வருகிறது. முன்னால் அவ்வளவு அகல வாய் இருந்தே ஆக வேண்டும். பின்னால் கேமராவுக்குள் ஆடும் கண்ணாடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் கணக்கு மாறாது. நிக்கான் எஃப் மவுண்டுக்குக் கடைசியாகச் செய்த 70-200 எஃப்/2.8 லென்ஸ் 1430 கிராம். இசட் மவுண்டுக்கு முதலில் செய்த 70-200 எஃப்/2.8, டிரைபாட் வளையத்தோடு 1440 கிராம். பத்து கிராம் கூடியிருக்கிறது! மற்ற கம்பெனிகளில் சில விதிவிலக்குகள் உண்டு என்றாலும், பெரிய அப்பர்ச்சர் டெலி வேண்டுமென்றால் பெரிய லென்ஸைத் தூக்கித்தான் ஆக வேண்டும்.

இது தெரிந்ததும் கடைக்குப் போவதற்கு முன்னால், படங்களை அடுக்கித் திருத்தும் மென்பொருளான லைட்ரூமைத் திறந்தேன். அதில் படங்களை லென்ஸ் வாரியாக, ஃபோக்கல் லெங்த் வாரியாக, அப்பர்ச்சர் வாரியாகப் பிரித்துப் பார்க்கும் வசதி இருக்கிறது. சில வருடப் படங்களில் நல்லவை என்று நட்சத்திரம் போட்டிருந்தவற்றை மட்டும் எடுத்துப் பார்த்தேன். நான் எடுப்பது பெரும்பாலும் மூன்று விஷயங்கள்தான்: மயிலாப்பூர் பக்கத்துக் கோயில் திருவிழாக்கள், மார்கழிக் கச்சேரிகளும் நாட்டியமும், அப்புறம் ஊர் சுற்றும்போது பழைய கோயில்கள். திருவிழாப் படங்களில் 70-200-இல் எடுத்தவை பெரும்பாலும் 120-க்குள்ளேயே அடங்கிவிட்டன. எஃப்/2.8-ஐ உண்மையாகவே தேவைப்பட்டுத் திறந்தது சபா மேடைகளில் மட்டும். 16-35-இல் கை எப்போதும் 16-லேயே நின்றிருந்தது. வெயில் நேரத் திருவிழாவுக்கு 2.8 லென்ஸைச் சுமந்து போய் எஃப்/8-இல் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்று அந்தப் பட்டியல் அப்பட்டமாகக் காட்டியது. கேமரா மாற்ற நினைப்பவர்கள் விமர்சன வீடியோக்களைப் பார்ப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். செலவில்லாத வேலை, ஒரு சாயங்காலம் போதும்.

அதனால் பெரிய டெலியை விற்கவில்லை. கச்சேரிக்கு மட்டும், பழைய லென்ஸைப் புதிய பாடியில் பொருத்தும் எஃப்டிஇசட் அடாப்டர் போட்டு அதே பழைய 70-200-ஐ மாட்டுகிறேன். அடாப்டரின் எடை எவ்வளவு தெரியுமா? 135 கிராம். பாடியில் மிச்சப்படுத்தியது அப்படியே அடாப்டரில் திரும்பி வந்துவிட்டது. அன்றைக்குக் கையில் இருக்கும் எடை டி750 காலத்தில் இருந்த அதே 2380 கிராம்தான். ஆனால் அது வருடத்தில் ஒரு சீசன். மற்ற நாட்களில் அது பீரோவில் தூங்குகிறது. அடாப்டர் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உள்ளே மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் லென்ஸ்கள் அதில் தாராளமாக ஆட்டோஃபோகஸ் ஆகும். நம்மூரில் நிறையப் பேர் வைத்திருக்கும் பழைய 50 எஃப்/1.8டி போன்ற லென்ஸ்கள் ஆகாது. அவற்றை பாடியில் உள்ள மோட்டார்தான் திருகிச் சுழற்ற வேண்டும், அது அடாப்டரில் இல்லை. கையால் ஃபோகஸ் செய்யத் தயார் என்றால் சரி.

எடைக்காக மாறினேன். மாறிய பிறகு அதிகம் அனுபவிப்பது வேறு சில விஷயங்களை. முதலாவது, சத்தமில்லாத ஷட்டர். ராக ஆலாபனை மெல்ல மெல்லக் கீழே இறங்கி, பாடகர் ஒரு ஸ்வரத்தில் கண்ணை மூடி நிற்கிறார். படம் எடுக்க வேண்டிய நொடி அதுதான். டி.எஸ்.எல்.ஆரில் அந்த நொடியில் 'டக்' என்று கண்ணாடி அடிக்கும். முன்வரிசை மாமா திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே தனி ஆவர்த்தனம் வரும் வரை கேமராவை மடியில் வைத்துக் காத்திருப்பது என் வழக்கம். மிருதங்கமும் கடமும் பேசும்போது ஷட்டர் சத்தம் யாருக்கும் கேட்காதல்லவா? இப்போது அந்தக் காத்திருப்பு இல்லை.

அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. சத்தமில்லாத ஷட்டர் என்றால் சென்சாரை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது என்று அர்த்தம், அதற்குக் கொஞ்சம் நேரம் ஆகும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், மலிவான எல்.இ.டி. விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுக்கும். நம் கண்ணுக்குத் தெரியாது. படத்தில் மட்டும் வெளிச்சமும் இருட்டுமாகப் பட்டை பட்டையாக விழும். ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50-க்குக் கொண்டுவந்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். உட்கார்ந்து பாடுபவருக்கு அது போதும். மிருதங்க விரல்களுக்கும் நாட்டியத்துக்கும் போதாது. அங்கே வேகம் 1/250-க்கு மேல் வேண்டும், வேகமாக ஆடும் கை சத்தமில்லா ஷட்டரில் வளைந்தும் விழும். எனவே நாட்டியம் என்றால் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறிவிடுகிறேன். ஜதியும் சலங்கையும் இருக்கும் இடத்தில் 'டக்' சத்தம் ஒரு பொருட்டே இல்லை. மேடையின் பின்னால் எல்.இ.டி. திரை வைத்திருந்தால் அது தனித் தலைவலி. மினுக்கம் வேறு அலைவரிசையில் இருக்கும், ஒரு சோதனைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

இரண்டாவது, பாடியிலேயே இருக்கும் நடுக்கத் தடுப்பு. தஞ்சைப் பெரிய கோயில் போலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் அனுமதி இல்லாமல் டிரைபாட் வைக்க முடியாது. கோயில் திருச்சுற்று மாளிகையின் நிழலில் கையில் பிடித்தபடியே 1/10, மூச்சைப் பிடித்தால் 1/5 வரை கூட எடுக்க முடிகிறது. 40 எஃப்/2 மாதிரி தனக்கென்று நடுக்கத் தடுப்பு இல்லாத லென்ஸுக்கும் இது வேலை செய்கிறது. இதனால் எஃப்/2.8-இலிருந்து எஃப்/4-க்கு இறங்கியது கல்லையும் தூணையும் எடுக்கும்போது தெரியவே இல்லை. ஆட்கள் நகரும் இடத்தில் தெரியும். பாதி வெளிச்சம் போனது போனதுதான், ஐ.எஸ்.ஓ. 3200-இல் எடுத்ததை 6400-இல் எடுக்க வேண்டும். நடுக்கத் தடுப்பு என் கையை நிறுத்துமே தவிர எதிரில் இருப்பவரை நிறுத்தாது.

இனி கபாலீஸ்வரர் கோயில் பங்குனிப் பெருவிழா விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாம் நாள் காலை அதிகார நந்தி, ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் அறுபத்து மூவர். மாட வீதியில் அந்தக் கூட்டத்துக்குள் நின்று லென்ஸ் மாற்றிப் பார்த்தவர்களுக்குத்தான் 24-120-இன் அருமை தெரியும். கோபுரத்தோடு சேர்த்து வாகனத்தை 24-இல் எடுத்துவிட்டு, அடுத்த நொடியே நாதஸ்வரக்காரரின் உப்பிய கன்னத்தை 120-இல் பிடிக்கலாம். இன்னும் கிட்டே வேண்டுமென்றால் பாடியில் டிஎக்ஸ் கிராப், அதாவது சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தும் வசதி, வைத்துக்கொள்ளலாம். 180 மில்லிமீட்டர் போலத் தெரியும், படம் சுமார் 10 மெகாபிக்சலாகச் சுருங்கும். ஏ4 அளவில் பிரிண்ட் போட அது தாங்குகிறது. கேமராவைத் தலைக்கு மேலே தூக்கித் திரையைச் சாய்த்துப் பார்த்து எடுப்பது டி750-லும் முடியும், அதற்கும் சாயும் திரை இருந்தது. ஆனால் லைவ் வியூவில், அதாவது திரையைப் பார்த்து எடுக்கும்போது, அது ஃபோகஸ் தேடி முடிப்பதற்குள் சுவாமி அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். மிரர்லெஸ்ஸில் திரையிலும் வ்யூஃபைண்டரிலும் ஒரே ஃபோகஸ் முறைதான், வேகமும் ஒன்றுதான்.

ஃபோகஸ் புள்ளிகள் ஓரம் வரை பரவியிருப்பதும் பழகிவிட்டால் விட முடியாத வசதி. டி750-இல் 51 புள்ளிகளும் நடுவிலேயே குவிந்து கிடக்கும். இசட் 6 டூவில் 273 புள்ளிகள் படத்தின் 90 சதவீதத்தை மூடுகின்றன. கண்ணைக் கண்டுபிடித்து ஃபோகஸ் செய்யும் வசதியைப் பற்றி ஒரு சின்ன எச்சரிக்கை. அறுபத்து மூவர் பல்லக்குகள் வரும்போது அது பக்கத்தில் நிற்கும் குருக்களை விட்டுவிட்டு நாயன்மார் திருமுகத்தில் போய்ப் பெட்டி கட்டுகிறது. பக்தி என்று எடுத்துக்கொண்டேன். பாடகர் வாய்க்கு முன்னால் மைக் இருந்தால் சில நேரம் பின்னால் இருக்கும் தம்புராக்காரரின் முகத்துக்குத் தாவிவிடும். மேடையில் ஒற்றைப் புள்ளியை நானே வைத்துக்கொள்வதுதான் இன்னும் நம்பகமாக இருக்கிறது.

பெரிய கேமரா போனதில் ஒரு நஷ்டம் உண்டு, அதை யாரும் சொல்ல மாட்டார்கள். டி750-இல் 70-200-ஐ மாட்டிக்கொண்டு போனால், "எந்தப் பத்திரிகை சார்?" என்று கேட்டுக் கயிற்றுக்கு உள்ளே விடுவார்கள். பதில் சொல்வதற்குள் வழியே கிடைத்துவிடும். இப்போது, "சார், கொஞ்சம் பின்னால போங்க" என்கிறார்கள். அதற்கு ஈடாக, பானகம் ஊற்றிக் கொடுக்கும் அம்மா கேமராவைப் பார்த்து முந்தானையைச் சரிசெய்வதில்லை, குழந்தைகள் போஸ் கொடுக்க ஓடி வருவதில்லை. எனக்கு லாபம் என்றே தோன்றுகிறது.

பேட்டரி. இதைப் பூசி மெழுக வேண்டாம். டி750 ஒரு சார்ஜில் 1230 படம் என்று நிக்கான் சொன்னது. இசட் 6 டூவில் வ்யூஃபைண்டரை மட்டும் பயன்படுத்தினால் சுமார் 340 என்கிறது. டி.எஸ்.எல்.ஆரில் கண்ணாடி வழியாகப் பார்ப்பதற்கு மின்சாரம் வேண்டாம், மிரர்லெஸ் வ்யூஃபைண்டரின் குட்டித் திரையை எரிய வைக்க வேண்டும். நடைமுறையில் அந்த எண்ணைவிட நிறையவே வரும், ஏனென்றால் தொடர்ந்து கிளிக் செய்தால் கணக்கு மாறும். படம் எடுக்காமல் கண்ணில் வைத்துக் காத்திருந்தாலும் தீரும், கச்சேரியில் நடப்பது அதுதான். இரண்டு உபரி பேட்டரி எப்போதும் பாக்கெட்டில். டி750-இன் பழைய இஎன்-இஎல்15 பேட்டரிகள் இதிலும் பொருந்தும் என்பது ஆறுதல். ஆனால் யூ.எஸ்.பி. வழியாகக் கேமராவுக்குள்ளேயே சார்ஜ் ஆவது 15பி, 15சி என்று போட்டவை மட்டும்தான். பழையவற்றுக்குத் தனி சார்ஜர் தேவை. வெளியூர்ப் பயணத்தில் பவர் பேங்கிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ள முடிவதால் 15சி கூடுதலாக வாங்கியது நல்லதாயிற்று.

தூசியும் அப்படித்தான். லென்ஸைக் கழற்றினால் சென்சார் வெட்டவெளியில் நிற்கிறது. கழற்றும்போது ஷட்டரை மூடிக்கொள்ளும் பாடிகள் உண்டு, என்னுடையது அப்படியில்லை. கேமராவை அணைத்து, வாயைத் தரைப் பக்கம் திருப்பி, அடுத்த லென்ஸின் பின்மூடியை முன்பே தளர்த்தி வைத்துக்கொண்டு மாற்றுவதுதான் வழி. தேர் ஓடும் தெருவில், ஜல்லிக்கட்டு வாடிவாசலில், கடற்கரையில் மாற்றவே வேண்டாம். வீட்டில் ஊதுபந்து ஒன்று வைத்திருங்கள், வாயால் ஊதாதீர்கள். எஃப்/11-இல் வானத்தை எடுத்துப் பார்த்தால் எத்தனை புள்ளி விழுந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத இன்னொரு செலவு மென்பொருள். ஒரே முறை காசு கொடுத்து வாங்கிய லைட்ரூம் 6-ஐ இன்னும் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் புதிய பாடிகளின் ரா ஃபைல் (சென்சார் தந்தபடியே சேமித்த படம்) திறக்காது. 2017-ஓடு அதற்கு அப்டேட் நின்றுவிட்டது. அடோபியின் டிஎன்ஜி கன்வெர்ட்டர் இலவசம், அதில் ஒரு முறை மாற்றிவிட்டால் பழைய லைட்ரூமே போதும். நிக்கானின் என்எக்ஸ் ஸ்டுடியோவும் இலவசம்தான். கார்டு விஷயத்திலும் கவனம் தேவை. இரண்டு இடத்தில் ஒன்று சாதாரண எஸ்.டி. கார்டு, இன்னொன்று விலை கூடிய சி.எஃப். எக்ஸ்பிரஸ். நான் எஸ்.டி. மட்டும் போட்டே காலம் தள்ளுகிறேன்.

பழையதை விற்கும்போது சென்னைக்காரர்களுக்குப் பெரிய எதிரி காளான்தான். கடல் காற்றில் லென்ஸைப் பையிலேயே பூட்டி வைத்தால் கண்ணாடிக்குள் நூல் நூலாகப் படர்ந்துவிடும். வாங்க வருபவர் மொபைல் டார்ச் அடித்து முதலில் அதைத்தான் பார்ப்பார், பாடி என்றால் ஷட்டர் கவுண்ட், அதாவது இதுவரை எத்தனை படம் எடுத்தது என்று கேட்பார். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். இந்த மூன்றுக்கும் செலவழித்ததைவிட 24-70 சுத்தமாக இருந்ததால் கிடைத்த கூடுதல் விலை அதிகம்.

கல்யாண வேலை செய்பவர்கள் என்னைப் பார்த்து மாற வேண்டாம். அவர்களுக்கு 2.8 லென்ஸ்கள் இல்லாமல் நடக்காது, பையின் எடை பெரிதாகக் குறையவும் செய்யாது. அவர்கள் மாறினால் ஃபோகஸுக்காகவும் வீடியோவுக்காகவும் மாறலாம். பறவை பார்ப்பவர்களுக்கு இரண்டு வழி. டி.எஸ்.எல்.ஆரிலேயே இருந்துகொண்டு 500 எஃப்/5.6 பி.எஃப். லென்ஸ் எடுத்தால் அது 1460 கிராம்தான். அல்லது சின்ன சென்சார் கொண்ட மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகைக் கேமராவுக்கு இறங்கினால் ஒலிம்பஸ் 300 எஃப்/4 லென்ஸ், டிரைபாட் வளையத்தோடு 1475 கிராம், 600 மில்லிமீட்டர் அளவுக்குக் கிட்டே காட்டும். சென்சார் சிறியது என்பதால் விடியற்காலை வேடந்தாங்கலில் குருணை கொஞ்சம் கூடும், பின்னணி அவ்வளவு கரையாது. குடும்பத்தோடு ஊர் சுற்ற ஒரே ஒரு லென்ஸ் போதும் என்பவர்கள் என்னுடையது போன்ற பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேமையே மறந்துவிடலாம். ஃபியூஜி எக்ஸ்-டி5-உம் 16-80 எஃப்/4-உம் சேர்ந்து ஒரு கிலோவுக்குள் முடிந்துவிடுகிறது.

எதுவும் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இப்போது உள்ள கேமராவில் ஒரு மாதம் பெரிய லென்ஸை வீட்டில் வைத்துவிட்டு வெளியே போய்ப் பாருங்கள். அந்த மாதத்தில் அதைத் தேடாதவர்களுக்குப் புது பாடியே தேவைப்படாமல் போகலாம்.

டி750-ஐ விற்க மனம் வரவில்லை. 50 எஃப்/1.8-ஐ மாட்டிக் கும்பகோணத்தில் இருக்கும் அக்கா பையனிடம் கொடுத்துவிட்டேன். இரண்டும் சேர்ந்து 1025 கிராம், கற்றுக்கொள்ளும் வயசில் அது ஒரு சுமையே இல்லை. போன வாரம் போன் செய்து, "மாமா, அந்த 70-200 சும்மாதானே இருக்கு?" என்றான். மார்கழி முடியட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.